ஏழு முறை இறந்த மாமியார்

போன வாரம் முருகேசன் போன் பண்ணினான். நான் ஓய்வு பெற்ற பிறகு கம்ப்யூட்டர் செக்‌ஷனில் என் நாற்காலிக்கு வந்தவன். கெட்டிக்காரன்தான், ஆனால் எதையும் இரண்டு தடவை கேட்டால்தான் நம்புவான்.

"யக்கா, ஆபீஸ்ல புதுசா ஒரு சாப்ட்வேர் வாங்கியிருக்காவ. மனுசன் மாதிரியே படிச்சுப் புரிஞ்சுக்கிடும்னு சொல்லுதாவ. லீவுக் காரணம் பூராத்தையும் அதுகிட்ட கொடுத்தேன். 'மழை இருட்டிக்கிட்டு வருது'ன்னு ஒரு ஆளு லீவு போட்டிருக்காரு. அதுக்கு இது 'பயம்'னு தலைப்பு கொடுத்திருக்கு. சரியாக்கா?"

எனக்குச் சிரிப்பு அடங்கச் சற்று நேரம் ஆனது. கோவில்பட்டிச் சுற்றுவட்டாரத்தில் மழை இருட்டினால் எவனாவது பயப்படுவானா? வருஷம் முழுவதும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிற கூட்டம் இது. இருட்டினால் விதைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு புஞ்சைக்காட்டுக்கு ஓடுவான்.

"விதைப்புன்னு போடு" என்றேன்.

"விதைன்னு ஒரு வார்த்தைகூட அதுல இல்லையேக்கா."

"இல்லாத வார்த்தையைப் படிக்கத்தாம்லே எனக்கு இத்தனை வருசம் சம்பளம் கொடுத்தாவ."

"அப்போ அதையெல்லாம் எழுதி வைங்கக்கா, எங்களுக்கு ஆகும்" என்றான். எழுதுகிறேன். அவனுக்கு ஆகுமோ ஆகாதோ, எனக்குப் பொழுது போகும்.

நான் படித்த படிப்பைச் சொல்ல ரொம்ப நேரம் ஆகாது. டைப்ரைட்டிங்கில் இரண்டு பரீட்சை, ஜவுளிக்கடை மாடியில் நடந்த கம்ப்யூட்டர் வகுப்பில் ஒரு சான்றிதழ். கருப்புத் திரையில் பச்சை எழுத்து ஓடிய காலம். அதை வைத்துக்கொண்டு ஒரு தீப்பெட்டி ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தேன். எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையையே தீப்பெட்டி ஆபீஸ் என்றுதான் சொல்வது. அதனால் ஆபீசுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நூற்றுக்கணக்கான பெண்கள் தினமும் தீக்குச்சி மருந்து வாசத்துக்குள் போவார்கள். அவர்களில் ஆபீசுக்குள் இருக்கும் ஆபீசுக்குப் போனவள் நான். என் பெயர் சண்முகத்தாய். ஆனால் அங்கே எல்லோருக்கும் நான் கம்ப்யூட்டரக்கா.

சம்பளக் கணக்கு, சரக்குக் கணக்கு எல்லாம் சொன்ன பேச்சுக் கேட்கும் கணக்குகள். எண்ணைக் கொடுத்தால் எண் வரும். என் உயிரை வாங்கியது லீவுப் பதிவில் இருந்த 'காரணம்' என்ற கட்டம். அதில் எதை வேண்டுமானாலும் எழுதலாம் என்று எந்தப் புண்ணியவானோ விட்டுவைத்திருந்தான். எழுதியவர் வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீஸ் சங்கரபாண்டி அண்ணாச்சி.

அண்ணாச்சி ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்திருப்பார். வெளியே நின்று தொழிலாளி சொல்வதை அப்படியே தட்டுவார். அதோடு நிறுத்தியிருந்தால் அவருக்குக் கோயில் கட்டலாம். தன்னுடைய அபிப்பிராயத்தையும் சேர்த்துத் தட்டுவார். 'காய்ச்சல். பார்த்தால் அப்படித் தெரியவில்லை.' 'வயிற்றுவலி, நேற்று கறிச்சாப்பாடு.' 'ஆடு குட்டி போட்டிருக்கிறது, மூன்று.' 'புருஷன் திருப்பூரிலிருந்து வருகிறார், பாவம்.' இதில் யார் பாவம் என்று நான் பல தடவை கேட்டிருக்கிறேன். அண்ணாச்சி சிரிப்பாரே தவிரச் சொல்ல மாட்டார்.

அவருக்கு இன்னொரு பழக்கம் இருந்தது. ஒரே ஊரிலிருந்து பத்துப் பேர் கோயில் கொடைத் திருவிழாவுக்கு லீவு கேட்டு வரிசையில் நின்றால், முதல் ஆளுக்கு 'ஊர்க்கொடை' என்று போடுவார். மற்ற ஒன்பது பேருக்கும் 'மேற்படி'. தாளில் பார்க்கும்போது அது சரிதான். நான் அதை வாங்கித் தொழிலாளிகளின் டோக்கன் நம்பர் வரிசைப்படி அடுக்கினேன். அடுக்கியதும் ஒவ்வொரு மேற்படியும் தன் சொந்தக்காரனை விட்டுவிட்டு எவனோ ஒருவன் காலடியில் போய் உட்கார்ந்துகொண்டது. அது தெரியாமல் மாதாந்திர அறிக்கையை எடுத்து மானேஜர் மேஜையில் வைத்துவிட்டு வந்தேன்.

மானேஜர் வெள்ளைச்சாமி சாரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். எந்தத் தாளைக் கொடுத்தாலும் கடைசி வரியிலிருந்து மேலே போவார். கூட்டுத்தொகை கீழேதான் இருக்கும், மேலே இருப்பதெல்லாம் அதற்குச் சப்பைக்கட்டு என்பது அவர் கட்சி. படிக்கும்போது கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிடுவார். கோபம் வந்தால் கத்த மாட்டார், அக்கறையாக விசாரிப்பார். அந்த அக்கறைக்குப் பயந்து நாங்கள் வேலை பார்த்தோம்.

அன்றைக்கு என்னைக் கூப்பிட்டு விட்டார்.

"ஏம்மா சம்முவத்தாயி, நம்ம சுடலைமுத்துக்கு என்ன புள்ள?"

சுடலைமுத்து எங்கள் வாட்ச்மேன். பேரன் பேத்தி எடுத்தவர், மீசை பஞ்சாக இருக்கும்.

"சார்?"

"ஆம்பளப் புள்ளையா, பொம்பளப் புள்ளையா? பிரசவத்துக்கு லீவு போட்டிருக்காரே. பச்ச உடம்புக்காரரு, கேட்ல காத்துல நிக்க வச்சிராதீங்கம்மா."

அவர் முகத்தில் சிரிப்பே இல்லை. எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. சுடலைமுத்து கொடைக்குப் போனவர்களில் ஒருவர். டோக்கன் வரிசையில் அவருக்கு மேலே இருந்தவள்தான் பிள்ளை பெற்றிருந்தாள். வரிசையைக் கலைப்பதற்கு முன்னால் மேற்படிகளை நிரப்பிவிட வேண்டும் என்று அன்றைக்குக் கற்றேன். இதை எந்த வகுப்பிலும் சொல்லித் தரவில்லை. சுடலைமுத்து மட்டும் கொஞ்ச காலம் கேட்டில் எங்களிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இதற்குப் பிறகு சின்ன முதலாளி வந்தார். பெரிய முதலாளியின் மகன், வெளியூரில் படித்துவிட்டு வந்தவர். மரியாதையான பிள்ளை, எங்களையெல்லாம் வாங்க போங்க என்றுதான் பேசுவார். வந்த சூட்டோடு, ஜனங்கள் ஏன் லீவு போடுகிறார்கள் என்று தெரிந்தாக வேண்டும் என்றார். காரணங்களையெல்லாம் வகை பிரித்து, வகைக்கு ஓர் எண் கொடுத்து, மாதக் கடைசியில் படம் போட்டுக் காட்ட வேண்டும். நோய்க்கு ஒன்று, விவசாயத்துக்கு ஒன்று, கல்யாணத்துக்கு ஒன்று, சாவுக்கு ஒன்று.

கேட்பதற்கு எவ்வளவு சுலபமாக இருக்கிறது! நான் பழைய காரணங்களையெல்லாம் கொட்டி, ஒரே மாதிரி இருப்பவற்றை ஒன்றாகச் சேர்த்தேன். காய்ச்சல் ஒன்றுக்கே ஒரு பக்கம் வந்தது. காய்ச்சல், காச்சல், கச்சல், ஜுரம், சூடு, 'மேலுக்குச் சரியில்லை', ஆங்கில எழுத்தில் அடித்த காச்சல். இவற்றையெல்லாம் ஒரு வார்த்தைப் பட்டியலில் ஏற்றி, இந்த வார்த்தை வந்தால் இந்த எண் என்று புரோகிராம் எழுதினேன். ஓட்டிப் பார்த்தால், 'ஆட்டுக்குக் காய்ச்சல்' என்பதற்கு அந்தப் பெண்ணுக்கு மருத்துவ விடுப்பு கொடுத்திருக்கிறது. சரி, முதலில் ஆடு மாடு இருக்கிறதா என்று பார், அப்புறம் காய்ச்சலைப் பார் என்று மாற்றினேன். அடுத்த தடவை, 'மாட்டுத்தாவணிப் பக்கம் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன்' என்று எழுதியிருந்த ஒருவர் கால்நடை வகையில் போய்ச் சேர்ந்தார்.

எந்த விதி முன்னால், எந்த விதி பின்னால் என்பதில்தான் வித்தை எல்லாம் இருக்கிறது. சாவை முதலில் பார்க்க வேண்டும். ஏனென்றால் 'மாமனார் காய்ச்சலில் தவறிவிட்டார்' என்பது காய்ச்சல் ஆகாது. அதற்கு அடுத்து கல்யாணம், அதற்கு அடுத்து ஆடு மாடு, மனுஷனுக்கு வரும் நோய் அதற்கும் கீழே. ஒரு விதியைச் சேர்த்தால் பழையதை எல்லாம் திரும்ப ஓட்டி, நேற்றுவரை சரியாக இருந்தது இன்றைக்குக் கெட்டுவிட்டதா என்று பார்ப்பேன். கெட்டிருக்கும். ஒரு பக்கம் இழுத்துப் போர்த்தினால் மறுபக்கம் கால் தெரியும். எதிலும் சேராததை 'கையால் பார்க்க' என்று தனியே ஒதுக்கினேன். முருகேசா, இந்த ஒதுக்குகிற இடம் இல்லாத புரோகிராமை நம்பாதே.

வகை பிரித்து முடித்ததும் சின்ன முதலாளிக்கு ஆசை விரிந்தது. பொய்க் காரணம் சொல்கிறவர்களைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றார். அதற்கு அவரே ஒரு விதியும் சொன்னார். "ஒருத்தருக்கு ஒரு உறவு ஒரு தடவைதான் சாக முடியும். இரண்டாவது தடவை செத்தா அது பொய்." அந்த விதியில் எனக்குக் குற்றம் தெரியவில்லை. யாருக்குத்தான் தெரியும்? எழுதிக் கொடுத்தேன். சாவு என்று புரோகிராம் அறிந்து வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்று துட்டி. சாவு வீட்டுக் காரியத்துக்கு எங்கள் பக்கம் துட்டி என்றுதான் பேர்.

பட்டியல் வந்தது. முதல் இடத்தில் பண்டல் செக்‌ஷன் வேலம்மாள். மாமியார் துட்டி, ஏழு முறை.

வேலம்மாள் எப்போதும்வென்றான் என்ற ஊரிலிருந்து கம்பெனி வேனில் வருகிறவள். பண்டல் போடுவதில் அவள் கைக்கு ஈடு கிடையாது. வாயும் அப்படித்தான். சின்ன முதலாளி பட்டியலைப் பார்த்துத் திகைத்துப் போனார். நாலு பேருக்குப் புத்தி வர வேண்டும், இவளை வேலையை விட்டு நிறுத்திவிடலாம் என்றார். வெள்ளைச்சாமி சார், "விளக்கம் கேட்டுட்டு நிறுத்துவம்" என்று மட்டும் சொன்னார். 'தங்கள் மாமியார் ஏழு முறை இறந்ததாகப் பதிவாகியுள்ளது. இது குறித்து நேரில் விளக்கமளிக்கவும்' என்று சின்ன முதலாளி சொல்லச் சொல்ல அடித்தது நான்தான்.

வேலம்மாளுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். தபாலை ஊர் டீக்கடையில் கொடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கிறாள். டீ மாஸ்டர் நல்ல குரலில் படித்திருக்கிறார். வேலம்மாள் பொய்க்காரி என்று கம்பெனியே கடிதம் போட்டிருக்கிறது என்ற செய்தி அவள் வீட்டுக்கு வருவதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. வேலை போவதைவிட இதுதான் அவளை வதைத்தது என்று பிற்பாடு என்னிடம் சொன்னாள். ஒரு வாரம் பொதுக்குழாயில் தண்ணி பிடிக்கப் போகவில்லையாம்.

விளக்கத்துக்கு வந்த அன்று அவள் தனியாக வரவில்லை. வேனிலிருந்து முதலில் ஒரு ஊன்றுகோல் இறங்கியது, பின்னாலேயே ஒரு கிழவி. டோக்கன் இல்லாமல் வண்டியில் ஏறக்கூடாது என்று டிரைவர் சொன்னதற்கு, "செத்தவளுக்கு என்னலே டோக்கன்?" என்று கேட்டு ஏறிவிட்டாளாம். அதுதான் மாமியார், ஆவுடையம்மாள்.

"என்னை ஏழு தடவ கொன்னவன் எவம்லே? வெளிய வரச் சொல்லு."

நான் நாற்காலியில் கொஞ்சம் கீழே சரிந்து உட்கார்ந்துகொண்டேன். வெள்ளைச்சாமி சார் எழுந்து, "வாங்க பெரியம்மா, இங்கன உக்காருங்க" என்று தன் நாற்காலியையே கொடுத்தார்.

சின்ன முதலாளிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "இவங்கதான் உங்க மாமியாரா?"

"ஆமா மொதலாளி" என்றாள் வேலம்மாள்.

"உயிரோடதான் இருக்காங்க?"

"ஏன், மூச்சு விட்டுக் காட்டணுமா?" என்றாள் ஆவுடையம்மாள்.

"அப்போ ஏழு லீவும் பொய்தானே" என்று சின்ன முதலாளி எங்களைப் பார்த்தார். சாட்சி சொல்ல வந்தவளே மருமகளின் வேலைக்கு உலை வைத்துவிட்டாளே என்று நினைத்தேன். வேலம்மாளுக்கும் அது அப்போதுதான் உறைத்தது போலும், முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றாள்.

வெள்ளைச்சாமி சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். லீவுத் தாளைக் கீழேயிருந்து மேலே விரலால் தடவிக்கொண்டே போனார். பாதியில் விரல் நின்றது.

"பெரியம்மா, உங்க வீட்டுக்காரவிய கூடப் பொறந்தவிய எத்தன பேரு?"

"ரெண்டு பேரு. மூத்தவிய ஒருத்தவிய, எளையவிய ஒருத்தவிய."

"அவிய பொஞ்சாதிமாரு?"

"மூத்தவ முந்தின வருசம் போயிட்டா. எளையவ போன வருசம். ரெண்டு பேரும் இவளுக்கு மாமியா இல்லாம வேற என்ன? ரெண்டு துட்டிக்கும் இவதான் முன்ன நின்னா. எடுத்த அன்னைக்கு நின்னா, மறுநா சாம்பல் அள்ளுத காடாத்துக்கு நின்னா, பதினாறுக்கு நின்னா. மூத்தவளுக்கு வருசத் திதியும் வந்துச்சு. பெத்த மக வரல, இவ போனா."

சார் தாளைத் திருப்பிச் சின்ன முதலாளி பக்கம் தள்ளினார். லீவுகள் அப்படியேதான் இருந்தன. ஒரு நாள், மறுநாள், பிறகு பதினாறாம் நாள். திரும்ப ஒரு நாள், மறுநாள், பதினாறாம் நாள். நடுவில் ஒற்றையாக ஒரு திதி. எல்லாவற்றுக்கும் சங்கரபாண்டி அண்ணாச்சி 'மாமியார் துட்டி' என்றே போட்டிருந்தார். அவரைக் கேட்டபோது, "துட்டின்னா அம்புட்டும் துட்டிதானம்மா, அதுல என்ன தனித்தனியா?" என்றார்.

இதில் எனக்குத்தான் ஆச்சரியம். நானும் இந்தப் பக்கத்துக்காரிதான். அதே வருஷம் எங்கள் பெரியப்பா துட்டிக்கு நானே மூன்று தடவை லீவு போட்டிருந்தேன். என் பெயர் பட்டியலில் ஏன் வரவில்லை என்றால், ஆபீசுக்குள் இருக்கிற ஆபீஸ் ஊழியர்களை அதில் சேர்க்கச் சொல்லவில்லை.

சின்ன முதலாளிக்குத் தோற்றாலும் விட்டுக்கொடுக்க மனமில்லை. "அதெல்லாம் சரிங்க. ஆனா சிஸ்டத்துல ஒருத்தருக்கு ஒரு மாமியாருக்குத்தான் இடம்."

"உமக்கு எத்தன மாமியா?" என்றாள் ஆவுடையம்மாள்.

"எனக்கு இன்னும் கல்யாணம் ஆகலைங்க."

"அதான்."

வெள்ளைச்சாமி சார் சிரித்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். சின்ன முதலாளியும் சிரித்துவிட்டார். வேலை தப்பியது. கடிதம் தப்பு என்று இன்னொரு கடிதம் அடித்து, அதையும் டீக்கடையிலேயே படிக்கச் சொல்ல வேண்டும் என்று வேலம்மாள் பிடிவாதம் பிடித்து வாங்கிக்கொண்டாள். அவர்கள் கிளம்பும்போது சின்ன முதலாளி விளையாட்டாகச் சொன்னார். "மாமியார் கணக்கு இத்தோட முடிஞ்சுது. இனிமே மாமியார்னு லீவு கேட்டு வரக்கூடாது, சரியா?"

"அப்போ நான் சாகக் கூடாதா?" என்றாள் ஆவுடையம்மாள். ஆபீசே சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே வேலம்மாள் பதிவில் மாமியாருக்கு நேரே 'முடிந்தது' என்று தட்டி வைத்தேன். விதியை எடுக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

அடுத்த ஐப்பசியில் நல்ல மழை. வழியெல்லாம் கரிசல் மண் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ள, வேன்கள் தாமதமாக வந்தன. காலையில் நான் உள்ளே நுழையும்போது டிரைவர் நிறுத்தினார்.

"யக்கா, வேலம்மா மாமியா ராத்திரி தவறிட்டாவ."

"அப்படியா! யாரு சொன்னா?"

"வேலம்மாதான் சொன்னாவ. வண்டியில வந்துட்டாவளே. உள்ள இருக்காவ பாருங்க."

நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் பண்டல் செக்‌ஷனுக்குப் போனேன். வேலம்மாள் தன் இடத்தில் உட்கார்ந்து பண்டல் போட்டுக்கொண்டிருந்தாள். கை எப்போதும் போல ஓடியது. தலைதான் வாரவில்லை.

"ஏட்டி, வீட்டுல துட்டிய வச்சுக்கிட்டு இங்கன என்ன பண்ணுத?"

"கோயமுத்தூர்ல இருந்து கொழுந்தன் வரணும்க்கா. சாயந்தரந்தான் எடுக்காவ. அதுக்குள்ள ஷிப்ட முடிச்சிட்டுப் போயிருவேன்."

"லீவு போட வேண்டியதுதான?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். குத்திக்காட்டுகிற முகமாக அது இல்லை. தெரியாத ஒருத்திக்கு விவரம் சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

"கம்ப்யூட்டர்ல எங்க அத்தை முன்னாலயே செத்துட்டாவல்லாக்கா. செத்தவிய பேரச் சொல்லி இன்னொருக்க எப்படிக் கேக்க? திரும்பவும் டீக்கடையில தபால் வந்து நிக்கவா?"

எனக்கு அழுகையாக வந்தது, கோபமாகவும் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். நேரே என் இடத்துக்குப் போய், யாரிடமும் கேட்காமல் அந்த விதியை அழித்தேன். திரும்பிப் பார்த்தால் சின்ன முதலாளி நின்றுகொண்டிருந்தார். டிரைவர் அவரிடமும் சொல்லியிருக்க வேண்டும்.

"என்ன பண்றீங்க?"

"விதிய எடுத்துட்டேன்."

"சரி" என்றார். "நான் சும்மா விளையாட்டுக்குத்தானே சொன்னேன்" என்றார், என்னிடம் இல்லை, பொதுவாக. பிறகு கார் சாவியை எடுத்துக்கொண்டு பண்டல் செக்‌ஷனுக்கு அவரே போனார்.

காரைச் சின்ன முதலாளியே ஓட்டினார். முன் சீட்டில் வெள்ளைச்சாமி சார், பின்னால் நானும் வேலம்மாளும். வழி நெடுக வேலம்மாள் சீட்டில் மருந்துக் கறை படக்கூடாது என்று கையை மடியிலேயே வைத்துக்கொண்டு, இங்கன திரும்பணும், இங்கன பள்ளம் இருக்கு என்று வழி சொல்லிக்கொண்டு வந்தாள். ஊர் எல்லை தாண்டியதும், "அப்போ இன்னைக்கு எனக்கு லீவுதானா மொதலாளி?" என்று கேட்டாள்.

"லீவுதாம்மா. காடாத்து, பதினாறு எல்லாத்துக்கும் லீவுதான்."

தெருமுனையில் கார் நின்றது. வேலம்மாள் இறங்கி, அவிழ்ந்திருந்த தலையை முடியாமலே, "யத்தே" என்று ஓங்கிக் குரல் எடுத்து அழுதுகொண்டு வீட்டைப் பார்த்து ஓடினாள்.